அடையாள அட்டை இல்லாத பத்தொன்பது வயதும் ஆறாத இருமலும்

பினாங்கில் படிக்கும் மாணவி ஒருவர் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அதன் சாரம் இது: கோலாலம்பூர் செந்தூலில் அவருக்கு உறவுக்காரப் பையன் ஒருவர் இருக்கிறார், வயது 19. இங்கேயே பிறந்தவர். அப்பா மலேசியத் தமிழர், அம்மா இந்தோனேசியாவிலிருந்து வேலைக்கு வந்தவர். இருவரும் கோயிலில் தாலி கட்டிக் குடும்பம் நடத்தினார்கள். பதிவுத் திருமணம் செய்யவில்லை. அம்மா பல ஆண்டுகளுக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். பையனுக்கும் அவருடைய 15 வயதுத் தங்கைக்கும் ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடையாது. மூன்று மாதமாக இருமிக்கொண்டிருக்கும் அவர் மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். அமெரிக்காவில் ஆவணமில்லாத இளைஞர்களின் உடல்நலத்தைக் குடிநுழைவுக் கொள்கையே கெடுக்கிறது என்று தம் பாடத்தில் படித்த இந்த மாணவி, இங்கேயும் அப்படிச் சொல்லலாமா அல்லது இது வெறும் பணப் பிரச்சினைதானா என்று கேட்கிறார்.

சொல்லலாம் என்பதே என் பதில். நான் அரசாங்க கிளினிக்குகளில் மருத்துவ உதவியாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஆவணச் சிக்கலுள்ள குடும்பங்களோடு தேசியப் பதிவிலாகாவில் எண் வாங்கிக் காத்திருப்பவன். இரண்டு இடத்திலும் நான் பார்த்தது ஒன்றுதான்: தாமதம். நோய் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. ஐசி உள்ளவர் மூன்றாம் நாள் வருகிறார். இல்லாதவர் மூன்றாம் மாதம் வருகிறார், சிலர் வராமலே போகிறார்கள். அந்த இடைவெளியை உண்டாக்குவது சுகாதார அமைச்சு மட்டுமன்று. மருத்துவத்தோடு தொடர்பே இல்லாததுபோலத் தெரியும் குடிநுழைவுச் சட்டமும் குடியுரிமை விதிகளும் திருமணப் பதிவு முறையும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகின்றன.

முதலில், ஆவணமில்லாதவர் என்று யாரைச் சொல்கிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தமிழ் பேசும் இளைஞர்களுக்குள்ளேயே அந்தச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வாழ்க்கைகள் அடங்கியிருக்கின்றன. ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து, முதலாளியோடு தகராறாகி வெளியேறியதால் பெர்மிட்டை இழந்தவர், அல்லது சுற்றுப்பயணியாக வந்து நாள் கடந்து தங்கிவிட்டவர். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வந்து போகலாம் என்றான பிறகு இந்த இரண்டாம் வழி இன்னும் எளிதாகிவிட்டது. இன்னொருவர் இலங்கைத் தமிழ் அகதி. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை என்பதால் அந்த அட்டை சட்டத்தின் கண்ணில் ஒரு பரிந்துரைக் கடிதம் போன்றது. மூன்றாமவர் உங்கள் உறவுக்காரரைப் போல இங்கேயே பிறந்து, தமிழ்ப்பள்ளி வாசலைக் கண்டு, மலாயும் சரளமாகப் பேசி, வேறு எந்த நாட்டையும் கண்டிராதவர். முதலாமவருக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது. மூன்றாமவருக்கு இல்லை. ஆனால் சாலைத் தடுப்பில் நிறுத்தப்படும்போது மூவரும் ஏறக்குறைய ஒரே பயத்தோடுதான் நிற்கிறார்கள். 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 6ஆவது பிரிவு முறையான அனுமதியின்றி நாட்டுக்குள் வந்தவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை தண்டனை என்கிறது. பிரம்படி என்று ஏட்டில் எழுதிவைத்த ஒரு சட்டம் மூச்சு வாங்கும் ஒருவரை எவ்வளவு தூரம் ஓடவைக்கும் என்பதைச் சட்டம் படித்தவர்களைவிட கிளினிக் வாசலில் இருந்தவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

இங்கே பிறந்தவர் எப்படி ஆவணமில்லாதவர் ஆகிறார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் சமூகத்துக்கு மிகவும் சொந்தமான பகுதி இதுதான். நம் ஆட்களில் பலர் கோயிலில் தாலி கட்டி, நாலு பேருக்குச் சாப்பாடு போட்டால் திருமணம் முடிந்தது என்று இன்னும் நினைக்கிறார்கள். சமயப்படி முடிந்ததுதான். ஆனால் 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள, முஸ்லிம் அல்லாதாருக்கான திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளை, பதிவிலாகாவின் கண்ணில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தந்தை என்று குறிப்பிடும் இடத்திலெல்லாம் தாய் என்றே பொருள் கொள்ளச் சொல்கிறது. அப்பாவின் நீல ஐசியும் (குடிமகனின் அட்டை), அவருடைய தாத்தா ரப்பர் வெட்டிய தோட்டத்தின் பெயரும் அங்கே எடுபடாது. தாய் அந்நிய நாட்டவர் என்றாலோ, தாயே ஆவணமில்லாதவர் என்றாலோ, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ‘பூக்கான் வார்கானெகாரா’, அதாவது குடிமகன் அல்லர் என்ற இரண்டு சொற்கள் விழுந்துவிடுகின்றன. பிறகு பெற்றோர் பதிவுத் திருமணம் செய்துகொண்டால் சரியாகிவிடுமே என்று பலர் கேட்பார்கள். மலேசியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும், அவர்கள் திருமணத்துக்குச் சில மாதம் முன்பு பிறந்த பிள்ளையைப் பற்றிய வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் 2021 மே மாதம் நீதிபதிகளில் நால்வர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம் என்ற கணக்கில் அதை ஏற்க மறுத்துவிட்டது. தாயின் நாடு அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை தரக்கூடும் என்று ஏட்டில் சொல்லலாம். தாயே எங்கிருக்கிறார் என்று தெரியாத வீட்டில் அதை எந்தக் காகிதத்தைக் கொண்டு நிரூபிப்பது?

இதற்கு முந்தைய தலைமுறையின் கதை தோட்டப்புறக் கதை. சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், 1969க்குப் பின் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோதும், குடியுரிமைக்கு எழுதிப்போடாத ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் வேலையை இழந்தார்கள். அறுபதாயிரம் பேர் அளவில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இருந்துவிட்டவர்களுக்குச் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை. அவர்களுடைய வீடுகளில் பதிவு செய்யாமல் விட்ட பிறப்புகளின் மீதியைத்தான் 2011இல் ‘மைடஃப்தார்’ என்ற பெயரில் அரசாங்கம் தேடிப் பதிவு செய்ய முனைந்தது. முழுமையாக முடியவில்லை என்பதை இன்றும் பதிவிலாகாவில் நிற்கும் பாட்டிமார்கள் சொல்வார்கள்.

இப்போது வயதுக்கு வருவோம். இளைஞர்களுக்கு மட்டும் ஏன் தனியாக அடி விழுகிறது? பன்னிரண்டு வயதில் வகுப்புத் தோழர்கள் எல்லாரும் மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் இந்தப் பிள்ளைக்கு முதன்முதலாகத் தன் நிலை தெரிகிறது. அதுவரை வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பள்ளிச் சீருடையில் இருக்கும்வரை சீருடையே ஓர் அடையாள அட்டை, போலீஸ்காரர் நிறுத்துவதில்லை. பதினேழு வயதில் அதைக் கழற்றியதும் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. பதினெட்டில் சிறுவர் சட்டத்தின் காப்பு முடிகிறது. வங்கிக் கணக்கு இல்லை, கல்லூரி இல்லை, சேமநிதியோடு கூடிய வேலை இல்லை. உடல் மிகவும் வலுவாக இருக்க வேண்டிய வயதில்தான் அதைக் காக்கும் எல்லாமே ஒவ்வொன்றாகக் கழன்றுபோகின்றன. அரசியலமைப்பின் 15ஏ பிரிவு, சிறப்புச் சூழ்நிலையில் 21 வயதுக்குட்பட்ட எவரையும் குடிமகனாகப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறிய திருத்தம் அந்த 21ஐ 18ஆகக் குறைக்கிறது. மலேசியத் தாய்மார்கள் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழங்கிய நல்ல செய்தி பெரிதாக ஓடியதால், அதே திருத்தம் மூன்றாண்டுக் கால வாய்ப்பை வெட்டுவதும், சிவப்பு ஐசி பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளின் இயல்பான உரிமையை எடுப்பதும் நம் வீடுகளில் அதிகம் பேசப்படவில்லை.

இந்த வயதுக்காரர்கள் செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள்: கார் கழுவும் கடை, லோரி உதவியாள், சாப்பாட்டுக் கடையின் பின்கட்டு, கட்டுமான இடம், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கட்டுவது. எல்லாம் கைக்காசு வேலை. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலையிட விபத்துப் பாதுகாப்பு உண்டு. அது முறையான பெர்மிட் உள்ளவருக்குத்தான். பெர்மிட்டோடு வரும் மருத்துவமனைக் காப்புறுதியும் அப்படியே. இங்கே பிறந்து ஆவணமில்லாதவர் அந்நியத் தொழிலாளரும் அல்லர், குடிமகனும் அல்லர் என்பதால் இரண்டு குடைக்கும் நடுவில் நனைகிறார். இயந்திரத்தில் விரல் போனால் முதலாளி மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, கையில் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் போய்விடுவார். அந்த மாதிரி ஒரு பையனுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். பெயர் கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னார். யோசித்த விதத்திலேயே அது அவர் பெயரில்லை என்று தெரிந்தது.

மோட்டார்சைக்கிள் இன்னொரு கதை. நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள், அவர்களில் இளைஞர்களே அதிகம். ஐசியும் கடப்பிதழும் இல்லாதவருக்கு ஓட்டுநர் உரிமம் எடுக்க வழியில்லை. ஓட்டாமல் இருக்கவும் முடியாது, ஏனென்றால் வேலை விடியற்காலை நான்கு மணிக்கு. ஆகவே பயிற்சியில்லாமல், உரிமமில்லாமல், சாலைத் தடுப்பு இருக்கும் பெரிய சாலையைத் தவிர்த்து விளக்கில்லாத குறுக்குச் சாலையில் ஓட்டுகிறார். விழுந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போவதில்லை. புகார் இல்லையென்றால் இழப்பீடு கேட்க முகாந்திரமே இல்லை. காலில் பிளேட் வைக்க வேண்டிய முறிவுக்கு மாவுக்கட்டோடு திரும்பி, கோணலாகக் கூடிய எலும்போடு நடக்கும் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். குடிநுழைவுக் கொள்கை எலும்பை முறிக்குமா என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பணத்தை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் குடிமகனுக்கு 1 ரிங்கிட், வெளிநாட்டவருக்கு 40. நிபுணரைப் பார்க்க ஒருவருக்கு 5, மற்றவருக்கு 120. மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமென்றால் மூன்றாம் வகுப்பிலேயே சாதாரண நோய்க்கு 1,400, அறுவைக்கும் பிரசவத்துக்கும் 2,800 ரிங்கிட் முன்பணம் என்று 2014இல் வந்த கட்டண ஆணைக்குப் பிந்தைய விகிதங்கள் சொல்கின்றன. 2025இல் குறைந்தபட்சச் சம்பளமே 1,700தான். ஆவணமில்லாதவருக்கு அதுவும் கைக்கு வருவதில்லை. அகதி அட்டை வைத்திருப்பவருக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. செந்தூலில் பிறந்தவருக்கு அந்தத் தள்ளுபடியும் கிடையாது. கட்டணப் பட்டியலில் ‘வெளிநாட்டவர்’ என்ற வரிசையில் அவரை நிறுத்தும்போது எந்த வெளிநாடு என்று யாரும் கேட்பதில்லை.

இருந்தாலும், கட்டணத்தை மட்டும் குறைத்தால் அவர் வருவாரா? வரமாட்டார் என்பது என் அனுபவம். 2001ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கை ஒன்று, ஆவணமில்லாத அந்நியர் சிகிச்சைக்கு வந்தால் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மருத்துவ ஊழியர்களைப் பணிக்கிறது. எத்தனை ஊழியர்கள் அதை அப்படியே பின்பற்றினார்கள் என்பது வேறு விஷயம். வலியோடு வந்தவரைப் பார்த்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்துகொண்டவர்கள் என்னோடு பலர் இருந்தார்கள். ஆனால் ஒரு ஊழியர் தெரிவித்து ஒருவர் பிடிபட்டால் போதும், அந்தச் செய்தி அன்று மாலைக்குள் அந்த அடுக்குமாடியின் எல்லா மாடிக்கும் ஏறிவிடும். அதற்குப் பிறகு மக்கள் போகுமிடம் கடைவீதித் தனியார் கிளினிக். ஐம்பது, அறுபது வெள்ளிக்கு இருமல் மருந்தும் கிருமிக்கொல்லி மாத்திரையும் கிடைக்கும். ஐசி கேட்க மாட்டார்கள். ஊடுகதிர்ப் படமும் சளிப் பரிசோதனையும் அங்கே பெரும்பாலும் நடப்பதில்லை. மாத்திரையில் காய்ச்சல் இறங்குகிறது, நோய் உள்ளேயே இருக்கிறது, அடுத்த மாதம் மறுபடியும் ஐம்பது வெள்ளி.

நம்பிக்கை எப்படி உடைகிறது என்பதற்குக் கோலாலம்பூர்த் தமிழர்கள் மறக்க முடியாத உதாரணம் 2020. அந்த ஆண்டு ஏப்ரல் 7 முதல் மஸ்ஜிட் இந்தியா சாலையின் சிலாங்கூர் மேன்ஷனும் மலாயன் மேன்ஷனும் கோவிட் தொற்றுக்காக முள்கம்பி சூழக் கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டன. அங்கே அடைபட்டவர்களில் தமிழ்நாட்டுத் துணிக்கடை, உணவகத் தொழிலாளர்கள் ஏராளம். ஓர் அறையில் பத்துப்பேர், பன்னிரண்டுபேர் என்று இருந்தவர்கள். ஆவணமில்லாதவர்களும் பயப்படாமல் பரிசோதனைக்கு வரலாம், நோக்கம் சுகாதாரம் மட்டுமே என்று அரசாங்கத் தரப்பில் சொல்லப்பட்டது. மக்கள் நம்பி வரிசையில் நின்றார்கள். மே 1, தொழிலாளர் தினத்தன்று அந்த வட்டாரத்தில் குடிநுழைவு அதிகாரிகள் நடத்திய சோதனையில் நூற்றுக்கணக்கானோர் பிடிக்கப்பட்டு லோரிகளில் ஏற்றப்பட்டார்கள். அதே மாதத்தின் பிற்பகுதியில் புக்கிட் ஜாலில், செமினி, சிப்பாங் தடுப்பு முகாம்களுக்குள் தொற்று பரவியது. அடுத்த ஆண்டு தடுப்பூசி எல்லாருக்கும் இலவசம், ஆவணம் தேவையில்லை, கைது செய்யமாட்டோம் என்று ஓர் அமைச்சர் உறுதி சொன்னபோது, அது உண்மையா என்று என்னிடம் கேட்டவர்கள் அத்தனைபேரும் மே 1ஐத்தான் ஞாபகப்படுத்தினார்கள். அந்த உறுதிக்கு நேர்மாறாக 2021 ஜூனிலும் சைபர்ஜெயாவில் சோதனை நடந்தது. ஒரு சோதனைக்கு ஆகும் செலவைக் கணக்கிடுகிறவர்கள், அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வராமல் போகும் இருமல்காரர்களின் செலவையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

பிடிபட்டவருக்கு உள்ளே என்ன நேர்கிறது என்பது பழைய கேள்வி. அந்நியத் தொழிலாளர்களின் உரிமைக்காக உழைக்கும் தெனாகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ் 1995இல் தடுப்பு முகாம்களின் நிலையைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் பெரிபெரி நோயில் தடுப்புக் கைதிகள் இறந்ததைக் குறிப்பிட்டிருந்தார். பெரிபெரி என்பது வைட்டமின் பி1 குறைவால் வருவது. தீட்டிய வெள்ளைச் சோற்றை மட்டும் நீண்டநாள் தின்பவருக்கு வருவது. அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலாயாவில் மருத்துவர்கள் காரணம் கண்டுபிடித்துவிட்ட ஒரு நோய் அதன் இறுதியில் முகாமுக்குள் திரும்பி வந்தது. அறிக்கை வெளியிட்டதற்காக அவர்மீதே வழக்குத் தொடுக்கப்பட்டு, 2003இல் தண்டனை விதிக்கப்பட்டு, 2008இல்தான் அவர் விடுவிக்கப்பட்டார்.

மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் உறவுக்காரர் வயதில் இருப்பவர்கள் என்னிடம் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது என்றுதான் வருவார்கள். மனச்சோர்வு என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்துவதில்லை. இதில் நான் கவனித்த ஒன்று: மறுக்கப்பட்ட விண்ணப்பத்தைவிடப் பதில் வராத விண்ணப்பம் அதிகம் நோகடிக்கிறது. 15ஏ விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. மறுக்கப்பட்டாலும் பெரும்பாலும் காரணம் எழுதுவதில்லை. காதலிக்கலாமா, கைத்தொழில் கற்கலாமா, வேறு ஊருக்கு வேலைக்குப் போகலாமா என்ற எல்லாவற்றையும் ஒரு கடிதத்துக்காக நிறுத்திவைத்த ஒருவர் இருபதுகளைக் கடப்பது எப்படியென்று யோசித்துப் பாருங்கள். தற்கொலைக்கு முயன்றவரையே குற்றவாளியாக்கும் பிரிவு நம் தண்டனைச் சட்டத்தில் 2023 வரை இருந்தது. ஆவணமில்லாதவர் உயிர் பிழைத்தால் இரண்டு குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தார். அந்தப் பிரிவு நீக்கப்பட்டது உண்மையிலேயே ஒரு நல்ல காரியம்.

நீங்கள் படித்த அமெரிக்கப் பாடம் இந்த இடத்தில்தான் நமக்கு உதவுகிறது. சிறுவயதில் கொண்டுவரப்பட்டு அங்கேயே வளர்ந்த ஆவணமில்லாத இளைஞர்களை நாடுகடத்துவதில்லை, இரண்டிரண்டு ஆண்டுகளாக வேலை அனுமதியும் தரலாம் என்று 2012 ஜூன் 15 அன்று ஒபாமா அரசு ‘டாகா’ என்ற ஏற்பாட்டை அறிவித்தது. அதன்கீழ் காலப்போக்கில் ஏறக்குறைய 8 இலட்சம் பேர் பயன்பெற்றார்கள். அது மருத்துவக் காப்புறுதித் திட்டமன்று; ஒரு மாத்திரைகூட அதில் இல்லை. அப்படியிருந்தும் தகுதி பெற்ற இளைஞர்களிடையே மன உளைச்சல் குறைந்ததை 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஒரிகன் மாநிலத்தில் நடந்த இன்னோர் ஆய்வு அதைவிட வியப்பானது: தாய்க்கு அந்தப் பாதுகாப்புக் கிடைத்தபோது, குடியுரிமை பெற்றுப் பிறந்திருந்த பிள்ளைகளிடம் பதற்றம் சார்ந்த மனநோய்கள் கண்டறியப்படுவது நூற்றுக்கு ஏறத்தாழ எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. பிள்ளைக்கு எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை. அம்மாவின் பயம் போனது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பாடத்தை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. அமெரிக்காவில் மண்ணில் பிறந்த பிள்ளை குடிமகன் ஆகிவிடுவதால், அங்கே ஆவணமில்லாத இளைஞர் என்றால் வேறெங்கோ பிறந்து வந்தவர். நம்முடைய ஆளோ இங்கேயே பிறந்தவர். அவருக்கு ஆவணமில்லாமை ஒரு பரம்பரைச் சொத்துபோல இறங்குகிறது. எப்படியென்றால்: ஐசி இல்லாத பெண் கர்ப்பிணியாகிறாள். ஐசியுள்ள தோழி முதல் மூன்று மாதத்துக்குள் தாய்சேய் நலக் கிளினிக்கில் இளஞ்சிவப்புப் புத்தகம் வாங்கிவிடுகிறாள். இவள் ஏழாம் மாதம் கால் வீங்கிய பிறகு வருகிறாள், அல்லது வலி கண்ட பிறகே வருகிறாள். இரத்த அழுத்தமும் இரத்தச்சோகையும் அதுவரை யாராலும் பார்க்கப்படவில்லை. 2,800 வெள்ளிக்கு வழியின்றி, சொல்லாமல் வெளியேறிவிடுவதும் நடக்கிறது. பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். பதியப்போனால் தாயின் ஐசி கேட்பார்கள், திருமணச் சான்று கேட்பார்கள். போகவில்லை. இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளை உங்கள் உறவுக்காரரைப்போல இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

வேறு வழியில் செய்தவர்கள் இல்லாமலில்லை. கலிபோர்னியா 2020 ஜனவரியில் 19 முதல் 25 வயது வரையிலான ஆவணமில்லாதவர்களுக்குப் பொது மருத்துவக் காப்பைத் திறந்தது. பிறகு எல்லா வயதினருக்கும் விரித்துவிட்டு, பணமில்லை என்று 2026இல் பெரியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. நமக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் வடக்கே எல்லைக்கு அப்பால் இருக்கிறது. தாய்லாந்து 2010 மார்ச்சில் குடியுரிமை தீராத நிலையில் உள்ள தன் மக்களுக்கு மருத்துவ உரிமையைத் தனி நிதியில் வழங்கியது. 2013இல் பதிவில்லாத அந்நியத் தொழிலாளரும் ஆண்டுச் சந்தா கட்டி மருத்துவ அட்டை வாங்க வழி செய்தது. குடியுரிமைக் கேள்வியைப் பதிவிலாகா மெதுவாகத் தீர்த்துக்கொள்ளட்டும், அதுவரை நோய் காத்திருக்காது என்று இரண்டையும் பிரித்துப் பார்த்த அறிவு அது. தாய்லாந்து நம்மைவிடப் பணக்கார நாடன்று என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி உங்கள் உறவுக்காரருக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ச் சளிப் பரிசோதனை தேவை. இரவு வியர்வையோ எடை குறைவோ சேர்ந்தால் இன்னும் அவசரம். காசநோய் என்றாலும் பயப்பட வேண்டாம். ஆறுமாத மாத்திரையில் குணமாகும். பாதியில் நிறுத்தினால்தான் மருந்துக்கு மடங்காததாக மாறும், வீட்டிலிருப்பவர்களுக்கும் பரவும். ஆகவே பயந்து ஓடாத ஓரிடத்தில் தொடங்குவது முக்கியம். தனியாக அனுப்பாதீர்கள், நீல ஐசி உள்ள பெரியவர் ஒருவர், முடிந்தால் அப்பாவே, கூடப் போகட்டும். பிறப்புப் பத்திரத்தின் நகல், அப்பாவின் ஐசி நகல் இரண்டையும் கையில் வைத்திருக்கட்டும். கட்டணம் பெரிதாக வந்தால் அரசாங்க மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைக் கேளுங்கள். தவணைக்கோ குறைப்புக்கோ பரிந்துரைக்க அவர்களால் முடியும், கேட்காதவருக்கு யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். முதலில் தெனாகானித்தா போன்ற அமைப்போடு பேசிவிட்டுப் போனாலும் நல்லது. அவர் மனம் விட்டுப் பேச விரும்பினால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பைத் தொலைபேசியில் அழைக்கலாம். பெயரும் ஐசியும் சொல்ல வேண்டியதில்லை. எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் முடிவையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் அடுத்த கிளினிக்கில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க அவருக்குப் பணமிருக்காது.

அவருடைய 15ஏ விண்ணப்பம் ஏற்கெனவே போட்டிருந்தால் அதன் எண்ணைத் தேடி எடுங்கள். போடவில்லை என்றால், இன்றைக்கு எந்த வயது வரம்பு நடைமுறையில் இருக்கிறதென்று பதிவிலாகாவில் நேரில் கேளுங்கள். இந்தியக் குடும்பங்களின் நாடற்ற நிலையில் அனுபவமுள்ள டி.எச்.ஆர்.ஆர்.ஏ. அமைப்பின் சட்ட உதவியாளர்கள் படிவம் நிரப்ப உதவுவார்கள். கேள்வியில் நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன தங்கையை நான் மறக்கவில்லை. அவளுக்கு 15 வயது; 21 என்றாலும் 18 என்றாலும் இன்னும் அவகாசம் இருக்கிறது. அண்ணனைச் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் அதே வாரத்தில், பள்ளி விட்டதும் சீருடையோடு அவளையும் அப்பாவையும் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போங்கள். பிறப்புப் பத்திரத்தின் மூலப்பிரதியை மறக்காதீர்கள். நகலை ஏற்க மாட்டார்கள்.